குதிரையின் வயிற்றறைத் தொற்று: எதைக் கொண்டு உறுதி செய்வது?

குதிரைக்கு வயிறு நோகிறது என்றதும் லாயத்தில் எல்லோருக்கும் நினைவு வருவது காலிக்தான். குடல் முறுக்கிக்கொண்டதா, வாயு அடைத்ததா, தீவனம் கட்டிப்போனதா என்று உடனே கேட்கிறார்கள். வயிற்றறைக்குள் கிருமி புகுந்து சீழ் பிடித்திருக்குமோ என்ற கேள்வி பெரும்பாலும் பிந்தித்தான் எழுகிறது. அதற்குக் காரணமும் உண்டு. குடல் முறுக்கிய குதிரை உருண்டு புரண்டு தன் வலியைக் காட்டிவிடும். வயிற்றறையில் தொற்று கொண்ட குதிரையோ தீனியை முகர்ந்துவிட்டு விலகி, தலையைத் தொங்கவிட்டு, ஓரமாக அசையாமல் நிற்கும். பார்ப்பவருக்கு அது களைப்பாகத் தெரியும்.

வயிற்றறையின் உட்சுவரையும் உறுப்புகளையும் போர்த்தியிருக்கும் பெரிடோனியம் என்ற மெல்லிய உறையில் ஏற்படும் தொற்றழற்சியையும், வயிற்றுக்குள் ஒளிந்து வளரும் சீழ்க்கட்டிகளையும் கண்டறியும் முறைகளை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. சால்மோனெல்லா, குளோஸ்ட்ரிடியம், குதிரைக் கொரோனா வைரஸ் போன்றவை குடலின் உட்புறத்தைத் தாக்கிக் கழிச்சலை உண்டாக்கும். அவற்றைச் சாணத்தைச் சோதித்துக் கண்டறியும் வழிகள் தெளிவாக வகுக்கப்பட்டுள்ளன. குடல் சுவருக்கு வெளியே நடப்பதைக் கண்டறிவதுதான் கடினம்.

மருத்துவர் விடை காண வேண்டிய கேள்விகள் மூன்று. இது தொற்றுதானா? எங்கிருந்து வந்தது? மருந்தால் தீருமா, அறுவை வேண்டுமா? இவற்றுக்கு விடை சொல்லச் சோதனைகள் பல உண்டு. ஆனால் எதுவும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்வதில்லை. ரத்தத்தின் அளவை வயிற்று நீரின் அளவோடும், இன்றைய அளவை நாளைய அளவோடும் வைத்துப் பார்க்கும்போதே உண்மை தெளிகிறது.

தொற்று வரும் வழிகள்

குதிரையின் பெருங்குடலும் குருட்டுக்குடலும் நார்த்தீவனத்தை நொதிக்க வைக்கும் பெரிய தொட்டிகள். கோடானுகோடி பாக்டீரியாக்கள் அங்கே வாழ்கின்றன. குடல் சுவரில் ஓட்டை விழுந்தாலோ, ரத்த ஓட்டம் நின்று ஒரு பகுதி அழுகினாலோ அவை பெரிடோனியத்தை அடைகின்றன. மனிதரிலும் நாயிலும் இத்தகைய ஓட்டையை ஒட்டி அடைக்க முயலும் ஓமெண்டம் என்ற கொழுப்புத் திரை குதிரையில் சிறியது. அதனால் தொற்று ஓரிடத்தில் கட்டுண்டு நிற்காமல் எளிதில் பரவிவிடுகிறது.

குடல் மட்டுமே வாசல் அல்ல. வயிற்று அறுவைக்குப் பின், விரை நீக்கியபின், குட்டி ஈன்றபோது கருப்பை கிழிந்தால், மலக்குடலுக்குள் கைவிட்டுப் பார்க்கும்போது அது கிழிந்தால், விழுங்கிய கம்பி குடலைத் துளைத்தால், வயிற்றில் குத்துக்காயம் பட்டால் என்று வழிகள் பல. பிறந்த குட்டிகளில் தொப்புள்கொடி முக்கியமான வாசல். புற்றுநோயும் வயிற்று நீரைத் தொற்று போலவே மாற்றிக் காட்டக்கூடும். ஆகவே நோயின் முன்கதையைக் கேட்பதே முதல் சோதனை. அண்மையில் குட்டி ஈன்றதா, இனச்சேர்க்கைக்கு விட்டார்களா, அறுவை நடந்ததா, கடைசியாக எப்போது புழுமருந்து கொடுத்தார்கள், சில மாதங்களுக்கு முன் தாடைக்கடியில் கட்டி உடைந்ததா என்ற கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகள் பின்வரும் சோதனைகளுக்குத் திசை காட்டும்.

உடல் காட்டும் குறிகள்

ஓய்விலிருக்கும் நல்ல குதிரையின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. உடல்வெப்பம் ஏறத்தாழ 37.2 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். காய்ச்சல், உயர்ந்த நாடி, தீனி மறுப்பு, சோர்வு, குடல் ஓசை குறைதல், வயிற்றுத் தசைகளை இறுக்கிக்கொண்டு நடக்கத் தயங்குதல் ஆகியவை ஒன்றுசேர்ந்தால் தொற்றை நினைக்க வேண்டும். நோய் நாட்பட்டிருந்தால் படம் மாறும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மெலிவு, அவ்வப்போது தலைகாட்டும் லேசான வயிற்றுவலி ஆகியவை மட்டுமே எஞ்சும்.

இங்கே ஒரு பெரிய இடர் உண்டு. வயிற்றுவலி என்றதும் ஃப்ளூனிக்ஸின் போன்ற வலிநிவாரணி போடுவது வழக்கம். அது வலியோடு காய்ச்சலையும் தணித்துவிடும். ஊசி போட்டுச் சில மணி நேரம் கழித்து வரும் மருத்துவர் வெப்பமானியில் இயல்பான அளவைக் காண்பார். தொற்று என்ற எண்ணமே அவருக்கு எழாமல் போகலாம். மருந்து கொடுக்கும் முன் வெப்பத்தை அளந்து, மருந்தையும் நேரத்தையும் குறித்துவைப்பது எந்த லாயத்திலும் செய்யக்கூடிய காரியம். செலவில்லாத இந்தக் குறிப்பு, பின்னால் வரும் விலையுயர்ந்த சோதனைகளின் பொருளையே மாற்றக்கூடியது.

ரத்தம் சொல்வது

தொற்று கடுமையாகத் தொடங்கும்போது ரத்தத்தில் வெள்ளையணுக்கள் கூடும் என்று எதிர்பார்ப்போம். குதிரையில் முதல் மணி நேரங்களில் நேர்மாறாக அவை குறைவதுண்டு. கிருமிகளை எதிர்க்க அணுக்கள் ரத்தத்தை விட்டு வயிற்றறைக்குள் விரைவதும், நச்சு ரத்தத்தில் கலப்பதும் இதற்குக் காரணம். நாள்கள் கழிந்தபின் எண்ணிக்கை உயரும். ஆகவே வெள்ளையணு எண்ணிக்கை இயல்பாக இருப்பது, இறக்கத்திலிருந்து ஏற்றத்துக்குச் செல்லும் வழியில் எடுத்த அளவாகவும் இருக்கலாம்.

ஃபைப்ரினோஜன் என்ற புரதம் அழற்சியின் பழைய அடையாளம். அதன் இயல்பான அளவு 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 200 முதல் 400 மில்லிகிராம். அது மெல்ல ஏறி மெல்ல இறங்கும். தொற்று தொடங்கி ஒன்றிரண்டு நாள் கழிந்தே தெளிவாகத் தெரியும். சீரம் அமைலாய்டு ஏ அதைவிட வேகமானது. நல்ல குதிரையில் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கும் குறைவாக இருக்கும் இது, அழற்சி தொடங்கிச் சில மணி நேரத்துக்குள் ஏறத் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு நாளில் நூறு மடங்குக்கு மேலும் உயரும். அழற்சி அடங்கினால் விரைவில் இறங்கும். லாயத்திலேயே பார்க்கக்கூடிய சிறு கருவிகளும் இதற்கு வந்துவிட்டன. நோய் தேறுகிறதா என்று பின்தொடர இது மிகவும் பயன்படும்.

ஆனால் இவை இரண்டுமே அழற்சி இருப்பதைச் சொல்லுமே தவிர, அது வயிற்றில்தான் என்றோ தொற்றால்தான் என்றோ சொல்லா. நுரையீரல் தொற்றிலும் இவை உயரும். வெற்றிகரமான அறுவைக்குப் பின்னும் உயரும். நாட்பட்ட சீழ்க்கட்டியில் உயர்ந்த ஃபைப்ரினோஜனோடு குளோபுலின் மிகுதியும், ஆல்புமின் குறைவும், லேசான ரத்தசோகையும் சேர்ந்து வருவதுண்டு. இந்த நான்கும் ஒரே தாளில் தென்பட்டால் வயிற்றையும் மார்பையும் தேடிப் பார்க்காமல் விடக்கூடாது.

கையும் ஒலிக்கருவியும்

அரை டன் எடையுள்ள விலங்கின் வயிற்றை எக்ஸ்ரே ஊடுருவுவது கடினம். மலக்குடல் வழியாகக் கைவிட்டுத் தொடக்கூடியது வயிற்றறையின் மூன்றில் ஒரு பங்கைச் சுற்றித்தான். எட்டும் இடத்தில் உறுப்புகளின் மேற்பரப்பு வழுவழுப்பு இழந்து சொரசொரப்பாக இருப்பது, கட்டி தட்டுப்படுவது, தொட்டதும் குதிரை வலியால் துடிப்பது ஆகியவை முக்கியமான தடயங்கள். ஒன்றும் தட்டுப்படவில்லை என்பது மட்டும் எதையும் விலக்காது.

அல்ட்ராசவுண்ட் இந்த இடைவெளியைப் பெரிதும் நிரப்பியிருக்கிறது. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்ட விரைவுமுறை, வயிற்றின் ஏழு இடங்களில் மட்டும் கருவியை வைத்துச் சில நிமிடங்களில் பார்க்கச் சொல்கிறது. காலிக் குதிரைகளுக்காக வகுக்கப்பட்டது அது என்றாலும், நீர் கூடியிருப்பதையும் குடல் சுவர் தடித்திருப்பதையும் அதில் காணலாம். நீர் கலங்கித் துகள்களோடு மிதந்தால் அணுக்களோ தீவனத் துணுக்கோ கலந்திருக்கலாம். நார் போன்ற ஃபைப்ரின் இழைகள் தெரிந்தால் அழற்சி சில நாள் பழையதாக இருக்கலாம். குடலுக்கு வெளியே தடையின்றி நிற்கும் வாயு, குடல் ஓட்டையை எண்ண வைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊசியை எங்கே குத்தினால் நீர் கிடைக்கும் என்பதையும் இது காட்டிவிடுகிறது.

வயிற்று நீர்: கண்டறிதலின் மையம்

வயிற்றின் தாழ்ந்த பகுதியில், மார்பெலும்பின் பின்முனைக்கும் தொப்புளுக்கும் இடையில், நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறமாக ஊசி செலுத்தி நீர் எடுப்பார்கள். இடப்புறத்தைத் தவிர்ப்பது மண்ணீரலில் குத்திவிடாமலிருக்க. சிலர் ஊசியையும், சிலர் தோலில் சிறு கீறலிட்டு மழுங்கிய முனைக் குழாயையும் பயன்படுத்துவார்கள். கொழுத்த குதிரைகளில் வயிற்றுச் சுவரின் உட்புறக் கொழுப்பு தடித்திருப்பதால் நீண்ட ஊசி வேண்டும். குட்டிகளின் குடல் சுவர் மெல்லியது. அங்கே அல்ட்ராசவுண்ட் துணையின்றிக் குத்துவது ஆபத்து.

நல்ல குதிரையின் வயிற்று நீர் வெளிர் மஞ்சளாகத் தெளிந்திருக்கும். குழாய்க்குப் பின்னால் அச்செழுத்தை வைத்தால் வாசிக்க முடியும். மைக்ரோலிட்டருக்கு 5,000-க்கும் குறைவான உட்கருவுள்ள அணுக்களும், 100 மில்லிலிட்டருக்கு 2.5 கிராமுக்கும் குறைவான புரதமும் இருப்பது இயல்பு. சில நூல்கள் அணுக்களுக்கு 10,000 வரை இடம் தருகின்றன. குட்டிகளுக்கு எல்லை இன்னும் தாழ்வு: 1,500-ஐத் தாண்டினாலே ஐயப்பட வேண்டும். தொற்றழற்சியில் எண்ணிக்கை ஒரு லட்சத்தைக் கடப்பதும் உண்டு.

இந்த எண்களை மட்டும் நம்பினால் ஏமாற நேரும். விரை நீக்கியபின்னும் வயிற்று அறுவைக்குப் பின்னும் தொற்றே இல்லாமல் அணு எண்ணிக்கை பல நாள் உயர்ந்திருக்கும். மறுபுறம், குடல் திடீரெனக் கிழிந்து எல்லாம் கொட்டிய குதிரையில் அணுக்கள் அழிந்து எண்ணிக்கை குறைவாகவே தெரியலாம். சீழ்க்கட்டி தடித்த சுவருக்குள் அடைபட்டிருந்தால் நீர் ஏறக்குறைய இயல்பாகவே இருக்கலாம். மண்ணீரலில் குத்திய ஊசி செந்நீரைத் தரும். அதன் சிவப்பணுப் பங்கு குதிரையின் ரத்தத்தில் உள்ளதைவிட மிகுந்திருந்தால் அது மண்ணீரல் ரத்தம் என்று தெரிந்துகொள்ளலாம். சேகரிப்பிலும் கவனம் தேவை. உறைதலைத் தடுக்கும் ஈடிடிஏ கலந்த குழாயில் மிகச் சிறிதளவு நீரை விட்டால் புரத அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். கிருமி வளர்ப்புக்கு அந்தக் குழாய் ஆகாது.

குளுக்கோஸ் வேறுபாடு

எண்ணிக்கை தடுமாறும் இடத்தில் வேதியியல் துணை வருகிறது. பாக்டீரியாக்களும் அவற்றை எதிர்க்கும் நியூட்ரோஃபில் அணுக்களும் குளுக்கோஸை விழுங்கி லாக்டேட்டை வெளியிடுகின்றன. நீரின் அமிலத்தன்மை கூடுகிறது. கலிஃபோர்னியாவின் டேவிஸில் நடந்து 1999-இல் வெளியான ஆய்வு இதையே அளவுகோலாக்கியது. ஒரே நேரத்தில் எடுத்த ரத்தச் சீரத்துக்கும் வயிற்று நீருக்கும் இடையில் குளுக்கோஸ் வேறுபாடு 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் அதுவே தொற்றழற்சிக்கு மிகச் சிறந்த குறி என்று அது காட்டியது. வயிற்று நீரின் பிஹெச் 7.3-க்குக் கீழே இறங்குவதும், அதன் குளுக்கோஸ் 30 மில்லிகிராமுக்கும் குறைவதும், ஃபைப்ரினோஜன் 200 மில்லிகிராமை மிஞ்சுவதும் வலுவான துணைச் சான்றுகள்.

நோயுற்ற குதிரையின் ரத்தக் குளுக்கோஸ் பதற்றத்தாலும் நோயின் தாக்கத்தாலும் ஏறி இறங்கும். அதனால் வயிற்று நீரின் அளவு மட்டும் பொருளற்றுப் போகலாம். இரண்டையும் கழித்துப் பார்க்கும்போது அந்தக் குழப்பம் பெரிதும் நீங்குகிறது. குழாயில் தங்கும் நேரத்திலும் அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும் என்பதால் உடனே சோதிக்க வேண்டும், அல்லது ஃபுளோரைடு கலந்த குழாயில் எடுக்க வேண்டும். மனிதர்களுக்கான சிறு குளுக்கோஸ் கருவியால் அளப்பவர்கள் எல்லைக்கோட்டு அளவுகளைக் கண்டு முடிவெடுக்கக் கூடாது. அத்தகைய கருவிகள் முழு ரத்தத்துக்காகச் செய்யப்பட்டவை.

லாக்டேட்டின் கதை சற்று வேறு. வயிற்று நீரின் லாக்டேட் ரத்தத்தைவிட மிகுந்தால் ரத்த ஓட்டம் நின்ற குடலை முதலில் நினைக்க வேண்டும். தொற்றிலும் அது உயரும். ஆகவே கடும் வலியும் உயர்ந்த லாக்டேட்டும் சேர்ந்தால் குடல் இறுகியிருக்கலாம். காய்ச்சலும் பெரிய குளுக்கோஸ் வேறுபாடும் சேர்ந்தால் தொற்று என்ற பக்கம் எடை கூடும்.

கிருமியைப் பெயர் சொல்லி அறிதல்

கண்ணாடித் தகட்டில் நீரைப் பரப்பிச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது பழைய முறை. இன்றும் அதற்கு ஈடில்லை. சிதைந்த நியூட்ரோஃபில்களின் உள்ளே பாக்டீரியாக்கள் தெரிந்தால் தொற்று உறுதி. அணுக்களுக்கு வெளியே மட்டும் பலவகைக் கிருமிகளும் தாவரத் துணுக்குகளும் கிடந்து, அணுக்கள் கெடாமல் இருந்தால் ஊசி குடலுக்குள் போயிருக்கலாம். அப்போது வேறிடத்தில் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். குதிரையின் நிலை மோசமாக இருந்தால் அதே காட்சி, அண்மையில் கிழிந்த குடலையும் குறிக்கும்.

கிருமி வளர்ப்புச் சோதனை பல நேரம் வெறுமையாகத் திரும்புகிறது. கிருமிகள் குறைவாக இருக்கலாம். காற்றில்லாமல் வளரும் இனமாக இருக்கலாம். முன்பே ஆன்டிபயாட்டிக் கொடுத்திருக்கலாம். நீரை ரத்த வளர்ப்புப் புட்டியில் இட்டு, காற்றுள்ள முறையிலும் காற்றற்ற முறையிலும் வளர்த்தால் கிருமி கிடைக்கும் வாய்ப்பு கூடும். எதுவும் வளரவில்லை என்ற அறிக்கையை வைத்துத் தொற்றில்லை என்று சொல்லிவிடக் கூடாது. ஒரே கிருமி வளர்ந்ததா, பல கிருமிகள் கலந்து வளர்ந்தனவா என்பதும் செய்திதான். பல கலந்திருந்தால் குடல் கசிகிறது என்றே கொள்ள வேண்டும்.

ஒரே நீர், இரு முடிவுகள்

மூன்றாவது கேள்வி எவ்வளவு கடினம் என்பதை ஆஸ்திரேலியாவிலும் வட ஐரோப்பாவிலும் சேர்ந்த அனுபவம் காட்டுகிறது. ஆக்டினோபேசில்லஸ் ஈக்குலி என்ற பாக்டீரியா குதிரையின் வாயிலும் குடலிலும் இயல்பாக வாழ்வது. அது உண்டாக்கிய பெரிடோனியத் தொற்று 51 குதிரைகளில் பதிவானதை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 2001-இல் வெளியிட்டார்கள். சோர்வு, தீனி மறுப்பு, லேசான வலி, கலங்கிய நீர், மிக உயர்ந்த அணு எண்ணிக்கை எல்லாம் இருந்தும், ஆன்டிபயாட்டிக் கொடுத்தவை நன்றாகத் தேறின. ஸ்வீடனில் 2002 முதல் 2017 வரை காரணம் புலப்படாத பெரிடோனியத் தொற்றோடு வந்த 130 குதிரைகளைப் பற்றிய ஆய்விலும் மிகப் பெரும்பாலானவை பிழைத்தன. அணு எண்ணிக்கை பயமுறுத்துவதால் மட்டும் குதிரையைக் கைவிடலாகாது என்பது இவற்றின் பாடம்.

ஆனால் ஏறக்குறைய இதே தோற்றத்தில் வரும் இன்னொரு நோய் உயிரைப் பறிப்பது. ஸ்ட்ராங்கைலஸ் வல்காரிஸ் என்ற புழுவின் இளம்பருவங்கள் குடலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் முதன்மைத் தமனியில் குடியேறி ரத்தக்கட்டுகளை உண்டாக்குகின்றன. கட்டு உடைந்து சிறு நாளங்களை அடைத்தால் குடலின் ஒரு துண்டு செத்து, அங்கிருந்து தொற்று பரவும். மருந்து எதிர்ப்பைத் தடுக்க டென்மார்க் 1999-லும் ஸ்வீடன் 2007-லும் புழுமருந்தை மருத்துவர் சீட்டோடு மட்டுமே தரச் சட்டம் செய்தன. அதற்குப் பின் அங்கே இந்தப் புழு மீண்டும் பரவலாகத் தென்பட்டிருக்கிறது. இங்கும் லேசான வலி, காய்ச்சல், கலங்கிய நீர்தான். ஆனால் செத்த குடலை வெட்டி நீக்கினால் ஒழியப் பிழைப்பது அரிது. இளம்புழுக்கள் தமனியில் இருக்கும் மாதங்களில் முட்டை இடுவதில்லை என்பதால் சாணச் சோதனையும் கைகொடுக்காமல் போகலாம். முதல் நாள் நீரில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் காலம்தான். ஆன்டிபயாட்டிக் தொடங்கி ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கி, தீனி ஏறி, சீரம் அமைலாய்டு ஏ சரியத் தொடங்கினால் மருந்தைத் தொடரலாம். அப்படி நேராவிட்டால் தயங்காமல் வயிற்றைத் திறந்தோ லாப்ராஸ்கோப் வழியாகவோ பார்க்க வேண்டும்.

ஒளிந்திருக்கும் சீழ்க்கட்டிகள்

தொண்டைக்கட்டு நோயை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஈக்வி, சில குதிரைகளில் குடல்தாங்கியின் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிப் பெரிய கட்டிகளாக வளரும். அக்கிருமியின் எஸ்இஎம் புரதத்துக்கு எதிரான எதிர்பொருள் அளவு 1:12,800 அல்லது அதற்கு மேல் இருந்தால் உட்கட்டியை நினைக்கலாம். ஆனால் அண்மையில் தடுப்பூசி போட்டிருந்தாலும் அளவு உயரும். கலிஃபோர்னியா போன்ற வறண்ட நிலங்களில் மார்பு வீங்கிப் புறாநெஞ்சு போலத் தோன்றும் நோயைத் தரும் கோரினிபாக்டீரியம் சூடோடியூபர்குலோசிஸ், உள்ளுறுப்புகளில் குறிப்பாகக் கல்லீரலைத் தாக்கும். வெளிக்கட்டி இல்லாத குதிரையில் அதற்கான சீரச் சோதனை 1:512-ஐ எட்டினால் கல்லீரலை அல்ட்ராசவுண்டில் தேட வேண்டும். எதிர்பொருள் அளவு, கிருமியோடு உடல் மோதியதைச் சொல்லும். கட்டி இருக்கும் இடத்தைப் படம்தான் சொல்லும்.

குட்டிகளில் முதல் எதிரி ரோடோகாக்கஸ் ஈக்வி. ஸ்வீடனில் 1923-இல் மாக்னுசன் முதலில் விவரித்த இக்கிருமி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளின் நுரையீரலில் சீழ் பிடிக்க வைப்பது. சில குட்டிகளில் குடல்சுவரையும் குடல்தாங்கிக் கணுக்களையும் தாக்கும். வயிற்றில் கட்டி விழுந்த குட்டிகள் தேறுவது நுரையீரல் நோயாளிகளைவிடக் கடினம். ஆகவே நெஞ்சைப் பார்க்கும் கையோடு வயிற்றையும் பார்த்துவிட வேண்டும். பிறந்து சில நாளே ஆன குட்டியின் வயிற்றில் நீர் கூடினால் சிறுநீர்ப்பை கிழிந்ததையும் நினைக்க வேண்டும். வயிற்று நீரின் கிரியேட்டினின் ரத்தத்தைப் போல இரு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் அது சிறுநீர். ஆனால் அதோடு தொப்புள் தொற்றும் சேர்ந்திருக்கலாம்.

என்ன செய்யலாம்

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வரிசை தெளிகிறது. வலிநிவாரணிக்கு முன் வெப்பத்தை அளப்பது, முன்கதையைக் கேட்பது, அல்ட்ராசவுண்ட் பார்ப்பது, ஆன்டிபயாட்டிக்குக்கு முன் ரத்தத்தையும் வயிற்று நீரையும் ஒரே வேளையில் எடுப்பது, அணு எண்ணிக்கையோடு குளுக்கோஸ் வேறுபாட்டையும் தகட்டையும் பார்ப்பது, வளர்ப்புக்கு அனுப்பிவிட்டு அறிக்கைக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்குவது, ஓரிரு நாளில் மீண்டும் அளந்து முடிவை மறுபரிசீலனை செய்வது. இதில் மிக எளிதாகக் கைவிடப்படுவது கடைசிப் படி. முதல் நாளில் ஒரு பெயரைச் சூட்டிவிட்டால் அதையே பிடித்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு; அந்தப் பழக்கத்தால் செத்த குடலோடு மருந்தை மட்டுமே வாங்கிக்கொண்டு நிற்கும் குதிரைகள் இறக்கின்றன, தேறக்கூடிய குதிரைகள் எண்ணிக்கையைக் கண்டு பயந்து கைவிடப்படுகின்றன.

பெரிய குதிரை மருத்துவமனை அருகில் இல்லாத ஊர்களிலும் இந்த வரிசையின் பெரும்பகுதி நடைமுறைக்கு எட்டியதே. வெப்பமானி, ஊசி, இரண்டு குழாய்கள், ஒரு நுண்ணோக்கி, குளுக்கோஸ் அளக்கும் ஓர் ஆய்வகம் இருந்தால் மூன்று கேள்விகளில் முதலாவதற்கு அன்றே விடை கிடைத்துவிடும். மற்ற இரண்டுக்கும் விடை தேட அவகாசம் கிடைப்பது, அந்த முதல் ஊசியை எவ்வளவு சீக்கிரம் செலுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது.